மோரே சந்தை – கடிதம்

அன்புள்ள ஐயா,

மணிப்பூர் பயணக் குறிப்பில் எல்லை ஊரான மோரே வழியாக பர்மாவின் நம்ஃபாலாங் சந்தைக்குப் போய்வந்ததை எழுதியிருந்தீர்கள். நான் திருப்பூரில் பனியன் வியாபாரம் செய்பவன். பில் போட்டு, வரி கட்டி விற்கிற எனக்கு, அங்கே குவிந்து கிடந்த சீனச் சாமானைப் பார்த்து நீங்கள் குதூகலித்தது உறுத்துகிறது. அது கடத்தல் சந்தைதானே? பர்மா எல்லையில் தமிழ்க் கோயில் எப்படி வந்தது என்பதையும் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். மே விடுமுறையில் குடும்பத்தோடு போகலாமா?

எஸ்., திருப்பூர்

*

அன்புள்ள எஸ்.,

உறுத்தல் நியாயமானதுதான். ஆனால் கடத்தல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியவில்லை.

மோரே இம்பாலிலிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர். பல்லேல் தாண்டியதும் மலை ஏற்றம், தெங்நௌபாலில் மேகம், அப்புறம் இறக்கம், மோரே. நான் போனது 2017-இல். எல்லையில் இரண்டாம் நம்பர் கேட்டில் அடையாள அட்டையைக் காட்டி ஒரு நாள் சீட்டு வாங்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் பர்மா. போர்வை, செருப்பு, குடை, பிளாஸ்டிக் வாளி என்று இருபுறமும் அடுக்கியிருந்தார்கள். கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைக் குழம்பு பூசிய பெண்கள் மணிப்பூரியிலும் இந்தியிலும் பேரம் பேசி, நம் ரூபாயையே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

இப்போது காகிதத்தில் இருந்த சட்டத்தைப் பாருங்கள். 1994-இல் இந்தியாவும் பர்மாவும் எல்லை வணிக ஒப்பந்தம் போட்டன. 1995-இல் மோரேயில் அந்த வணிகம் தொடங்கியது. அனுமதிப் பட்டியலில் இருந்தவை 22 பொருட்கள்: வெங்காயம், பூண்டு, மிளகாய், பருப்பு, வெற்றிலை பாக்கு, துடைப்பம்கூட உண்டு. 2012-இல் அது 62 ஆனது. சந்தையில் மலைபோல் கிடந்த சீனப் போர்வைக்கும் இந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை. சீன எல்லையில் மூசே வழியாக நுழைந்து, மாண்டலேயைக் கடந்து லாரியில் வந்த சரக்கு அது. இங்கே அதைத் தலைச்சுமையாகக் கேட்டைத் தாண்டிக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு ஆள் தூக்குகிற சுமை சொந்த உபயோகத்துக்கா, விற்பனைக்கா? யார் கேட்பது? நீங்கள் கோபப்பட வேண்டியது லாரிக் கணக்கில் சரக்கு பிடிக்கிற முதலாளிகளிடம். மூன்று போர்வையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிற அம்மாளிடம் எனக்குக் கோபம் வரவில்லை, மன்னியுங்கள்.

நானும் ஒரு போர்வைக்கு அரை மணி நேரம் பேரம் பேசினேன். விலை படியும் நேரத்தில் கைபேசியைப் பார்த்தால் மூன்றே முக்கால். நாலு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போர்வையைப் போட்டுவிட்டு ஓடினேன். கேட்டில் நின்ற சிப்பாய் சிரித்தார். பர்மா டவரைப் பிடித்த கைபேசி, அந்த ஊர் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் தாவியிருந்தது!

சரி, கோயில். 1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்ததும், அடுத்த இரண்டு வருடத்தில் கடைகளெல்லாம் அரசுடைமை ஆகின. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். கப்பலில் சென்னை வந்த தமிழர்களின் கதை பர்மா பஜார் வழியாக நமக்குத் தெரியும். இங்கே அகதி முகாம் வாழ்க்கை ஒட்டாமல், பிறந்த மண்ணுக்கே தரைவழியாகத் திரும்பிவிடலாம் என்று கிளம்பியவர்கள் சிலர். பர்மா அவர்களை உள்ளே விடவில்லை. திரும்பிப் போகவும் மனமில்லாமல் வாசற்படியிலேயே தங்கிவிட்டார்கள். அதுதான் மோரே தமிழர் குடியிருப்பு. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அங்காள பரமேஸ்வரி, முனீஸ்வரர் கோயில் அவர்கள் கட்டியது. பர்மிய மொழியும் வியாபார நெளிவுசுளிவும் தெரிந்தவர்கள் என்பதால், ஒப்பந்தத்துக்கு வெகுகாலம் முன்பே இந்தச் சந்தையில் அவர்கள் கை இருந்தது. ஒரு வரியில் தாண்டியது என் தவறுதான்.

மே விடுமுறைக்கு வேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கேட்டை அடைத்தார்கள். 2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2023 மே மாதம் இனக்கலவரத்தில் மணிப்பூரே பற்றி எரிந்தபோது மோரேயில் எரிந்த வீடுகளில் தமிழர் வீடுகளும் உண்டு. எல்லையின் இருபுறமும் 16 கிலோமீட்டர் வரை மலைவாழ் மக்கள் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வர இருந்த ஏற்பாட்டை நிறுத்தப்போவதாக 2024 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. நான் பார்த்த நம்ஃபாலாங்கை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிலைமை தெளிந்த பிறகு இம்பால் வரையாவது போங்கள். 2020 முதல் மணிப்பூருக்குள் நுழையவே வெளிமாநிலத்தார் உள்நுழைவு அனுமதி எடுக்க வேண்டும். அதை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பெண்கள் மட்டுமே கடை போடுகிற இமா கெய்தெல் சந்தையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாவ்னா பஜாருக்கு நடங்கள். மோரேயிலிருந்து வந்த சாமானை அங்கேதான் விற்பார்கள். துணி பார்க்கத் தெரிந்தவர் நீங்கள். கையில் எடுத்துப் பார்த்து, திருப்பூர் எங்கே தோற்கிறது, எங்கே ஜெயிக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.