பந்தயப் புறா, குதிக்கும் ஜிபிஎஸ், உறைந்துபோன தடுப்பூசி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சூரியப் புயல் என்று செய்தி வந்த நாளில் 20 பந்தயப் புறாக்களை விட்டேன். மாலைக்குள் 6 மட்டுமே கூண்டு திரும்பின. புயல்தான் காரணமா? (சென்னை)

சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தைக் கலக்கும்; புறா திசை பார்ப்பதில் அந்தப் புலத்துக்கும் பங்குண்டு. முதலில் புயலின் அளவைப் பார்ப்போம். தென்னிந்தியாவில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு). 2024 மே 10, 11 தேதிகளில் அடித்த புயல், 2003க்குப் பிறகு வந்ததிலேயே பெரியது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது அன்றுதான். அதுவே நம் பக்கத்தில் புலத்தை 400 நானோடெஸ்லா அளவுக்குத்தான் குறைத்தது. அதாவது நூற்றில் ஒரு பங்கு. சாதாரணப் புயல்களில் இதில் கால்வாசிகூட இருக்காது.

புறா காந்தத்தை மட்டும் நம்பிப் பறப்பதில்லை. சூரியன், வாசனை, பழகிய சாலை, ஆறு எல்லாவற்றையும் பயன்படுத்துகிறது. கீட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் புறாக்களின் முதுகில் சிறு காந்தம் கட்டிவிட்டு 1971இல் வெளியிட்ட முடிவு இது: வெயில் நாளில் அவை வீடு திரும்பின, மேகமூட்டத்தில் குழம்பின. ஆகவே புயலும் மூட்டமும் சேர்ந்த நாளில்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். விடுவதற்கு முன், காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் கேபி (Kp) எண்ணைப் பாருங்கள். 0 முதல் 9 வரை போகும் அந்த எண் 5ஐத் தொட்டால் புயல் என்று கணக்கு. உலக நேரப்படி 3 மணிக்கு ஒரு முறை தருவார்கள். அன்றைய முதல் எண் நமக்குக் காலை 5.30 முதல் 8.30 வரைக்கானது. அது 6க்கு மேல் போய், வானமும் மூடியிருந்தால் அடுத்த நாள் விடுங்கள்.

ஆனால் 20இல் 14 வரவில்லை என்றால் எங்கள் சந்தேகம் வானத்தின் மேல் இல்லை, கூண்டின் மேல்தான். வந்த ஆறையும் பாருங்கள். எச்சத்தில் தண்ணீர் அதிகமாக இருக்கிறதா? தானியத்தைக் கொத்தும்போது குறி தவறுகிறதா? கழுத்து லேசாகத் திருகுகிறதா? இருந்தால் புறாக்களைத் தாக்கும் வெள்ளைக் கழிச்சல் வகை வைரஸாக இருக்கலாம். சால்மொனெல்லாவிலும் கழுத்து திருகும் என்பதால் எச்சத்தைச் சோதனைக்கு அனுப்பாமல் மருந்து தொடங்காதீர்கள். தடுப்புக்கு, எண்ணெய் கலந்த செயலிழந்த தடுப்பூசியைப் பந்தயப் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிட வேண்டும். ஊசி கழுத்தின் அடிப்பகுதியில், பின்புற நடுக்கோட்டில், தோலுக்கடியில் இறங்க வேண்டும். தலைக்கு அருகே குத்தினால் அங்குள்ள இரத்தநாளப் பின்னல் கிழிந்து பறவை கையிலேயே செத்துப்போகலாம்.

மேய்ச்சல் மாடுகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டியிருக்கிறோம். மாலை 7.30க்கு மேல் மாடு அடுத்த தோட்டத்தில் நிற்பதாகக் காட்டுகிறது. பட்டை பழுதா? (திருநெல்வேலி)

பழுதாக இருக்க வேண்டியதில்லை. காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு, இந்தியாவின் தென்முனை வழியாகப் போகிறது. 1963இல் முதல் ராக்கெட் ஏவிய கேரளத்தின் தும்பாவைத் தளமாகத் தேர்ந்ததும் அதனால்தான். சூரியன் மறைந்த பிறகு இந்தக் கோட்டின் மேல் உள்ள அயனி மண்டலத்தில் (மேல் வளிமண்டலத்தில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அடுக்கு) அடர்த்தி குறைந்த பிளாஸ்மா குமிழிகள் எழும்பும். அவற்றைக் கடந்து வரும் செயற்கைக்கோள் சிக்னல், கொதிக்கும் சட்டிக்கு மேல் தெரியும் சுவர்போல நடுங்கும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாலை 7 முதல் நள்ளிரவு வரை இது மிகுதி. சூரியச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் மிகுதி.

மலிவான பட்டைகள் 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையைத்தான் கேட்கின்றன. அதில் அயனி மண்டலத்தின் ஒவ்வோர் அலகு எலெக்ட்ரான் அடர்த்திக்கும் 16 செ.மீ. பிழை ஏறும். 100 அலகு என்றால் 16 மீட்டர். ஜிபிஎஸ் அனுப்பும் திருத்த மாதிரி இதில் பாதியைத்தான் சரிசெய்யும். இரட்டை அலைவரிசைப் பட்டை இந்தத் தாமதத்தைத் தானே கணக்கிட்டு நீக்கிவிடும். ஆனால் குமிழியால் சிக்னலே அறுந்தால் அதுவும் தடுமாறும்.

குமிழியா, தகரக் கொட்டகையா என்று பிரித்தறிய ஒரு வழி: ஒரு பட்டையைக் கழற்றி, திறந்த வெளியில் கம்பத்தின் உச்சியில் ஒரு வாரம் கட்டிவையுங்கள். மாலையில் அதுவும் குதித்தால் வானம். அது அசையாமல் நின்று, கட்டுத்தறிக்கு வந்த மாடுகள் மட்டும் குதித்தால் தகரத்தில் பட்டுத் திரும்பும் சிக்னல், அல்லது மாடு படுக்கும்போது கழுத்துக்கடியில் போய்விடும் ஆன்டெனா. எல்லை தாண்டினால் மணியடிக்கும் ஏற்பாடு இருந்தால், ஒரே ஒரு புள்ளியை வைத்து அடிக்கவிடாதீர்கள். தொடர்ந்து 3 புள்ளிகள் வெளியே விழுந்தால் அடிக்கட்டும்.

கண்ணாடி ஜாடிக்குள் காந்தம் தொங்கவிட்டுச் சூரியப் புயலைப் பார்க்கலாம் என்று படித்துச் செய்தோம். காந்தத்தில் ஒட்டிய சிறு கண்ணாடியில் பட்டுச் சுவரில் விழும் ஒளிப்புள்ளி அசையவே இல்லை. (பள்ளி அறிவியல் மன்றம்)

நீங்கள் செய்தது சரி, செய்த ஊர்தான் வேறு. நூலில் சும்மா தொங்கும் காந்தம், புலத்தின் திசை மாறினால் மட்டுமே திரும்பும். ஸ்காண்டிநேவியாவில் புயலின்போது திசை நன்றாகவே மாறும். நம் ஊரில் மாறுவது பெரும்பாலும் வடக்கு நோக்கிய புலத்தின் வலிமை. அதைப் பார்க்கக் காந்தம் கிழக்கு-மேற்காக நிற்க வேண்டும்.

நூலை எடுத்துவிட்டு 42 கேஜ் செம்பு வைண்டிங் கம்பி அரை மீட்டர் மாட்டுங்கள். மோட்டார் காயில் சுற்றும் கடையில் கிடைக்கும். காந்தம் 2 செ.மீ. நீள அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்த உலோகம்) துண்டு. கம்பியின் மேல்முனையை மெல்லத் திருகிக்கொண்டே போனால் காந்தம் வடக்கை விட்டு விலகும். சரியாக 90 பாகை வந்ததும் மேல்முனையை இறுக்கிவிடுங்கள். அதற்கு மேல்முனையை ஒரு முழுச் சுற்று திருக வேண்டியிருந்தால் கம்பியில் 270 பாகை முறுக்கு நிற்கிறது. அந்த நிலையில் 100 நானோடெஸ்லா மாற்றத்துக்கு, 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் லேசர் புள்ளி 7 செ.மீ. நகரும். ஆட்டம் அடங்கக் காந்தத்துக்கு அடியில், தொடாமல், தடித்த செம்புத் தகடு வையுங்கள். புதுக் கம்பி முதல் சில நாள் தளர்ந்துகொண்டே போகும். அந்தக் கணக்கை எறிந்துவிடுங்கள்.

அல்னிகோ என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஸ்பீக்கரில் வரும் கறுப்பு ஃபெரைட் காந்தம் ஒரு பாகை செல்சியஸ் சூட்டுக்கு 0.2 சதவீதம் வலுவிழக்கும். 40,000இல் அது 80 நானோடெஸ்லா. மின்விசிறியை நிறுத்தினாலே புயல் வந்துவிடும்! அல்னிகோவில் இது பத்தில் ஒரு பங்குதான்.

புயலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தென் மாவட்டங்களில் பகல்தோறும் சுமார் 105 கி.மீ. உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்ந்து, நண்பகலில் புலத்தை 50 முதல் 100 நானோடெஸ்லா கூட்டுகிறது. உங்கள் வரைபடம் 11, 12 மணிக்கு மேலேறி உச்சம் தொட்டால் அந்த மின்னோட்டம். 2, 3 மணிக்குக் கீழே இறங்கிக் குழி விழுந்தால் வெயில் சூடாக இருக்கலாம். மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் கருவியை வைக்காதீர்கள்.

கோமாரி தடுப்பூசிக் குப்பி ஃப்ரீசரில் உறைந்துவிட்டது. உருகிய பிறகு போடலாமா? (நாமக்கல்)

கூடாது. 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. உறைந்தால் எண்ணெயும் நீரும் பிரிந்துவிடும். குலுக்கினால் சேர்ந்ததுபோலத் தெரிந்தாலும் பழைய கலவை திரும்பாது. போட்ட இடத்தில் கட்டி மிஞ்சும், எதிர்ப்புச் சக்தி மிஞ்சாது. பெரும்பாலும் இது நடப்பது தெர்மோகோல் பெட்டியில், ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பாக்கெட்டை நேரே குப்பியின் மேல் வைப்பதால். பாக்கெட் வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும்வரை வெளியே வையுங்கள். பிறகு குப்பியைச் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள்.

கன்றுக்கு 4 மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை. ஊக்க ஊசியை விட்டவர்கள்தான் பிறகு “ஊசி போட்டும் கோமாரி வந்தது” என்கிறார்கள்.

சூரியனை ஆராயும் இந்திய விண்கலம் ஆதித்யா-எல்1 இருக்கும்போது சூரியப் புயலை எவ்வளவு முன்னதாக அறியலாம்?

அது நிற்பது பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தொலைவில். சூரியக் காற்று நொடிக்கு 400 கி.மீ. வேகத்தில் வந்தால் அங்கிருந்து பூமிக்கு 62 நிமிடம். 800 என்றால் அரை மணிதான். புயலைக் கொண்டுவரும் மின்னூட்டத் துகள் மேகம் சூரியனிலிருந்து கிளம்பியது ஒன்று முதல் மூன்று நாள் முன்பே தெரியும். ஆனால் அதன் காந்தம் தெற்கு நோக்கியிருந்தால்தான் பெரும் புயல். அந்தத் திசை அங்கே வந்து சேர்ந்த பிறகே தெரியும்.

பால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கறவை குறைகிறது. மடிநோயை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? (ஈரோடு)

முடியும். ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சலவைத்தூள் கரையுங்கள். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைக் கொட்டிவிட்டு, நான்கு காம்பின் பாலையும் நான்கு கிண்ணத்தில் தனித்தனியே பிடியுங்கள். பால் அளவுக்கே கரைசல் ஊற்றி சுமார் ஒரு நிமிடம் சுழற்றுங்கள். கொழகொழவென்று திரண்டால் அந்தக் காம்பில் நோய் ஒளிந்திருக்கிறது: பாலில் பெருகிய வெள்ளணுக்களைத் தூள் உடைக்க, உள்ளிருக்கும் டிஎன்ஏ வெளிவந்து பசையாகிறது. சீம்பாலிலும் வற்றப்போகும் மாட்டிலும் நோய் இல்லாமலே திரளும். கறந்து நேரமான பாலில் பார்க்காதீர்கள்.

திரண்ட காம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, சுத்தமான குழாயில் 5 மி.லி. பால் எடுத்து, ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆன்டிபயாடிக் போட்ட பிறகு எடுத்த பாலில் கிருமி வளராமல் போகலாம்.