சூசன்னா பிளேஸின் உரிந்த சுவர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்த பின், நான் வசிக்கும் சிட்னியின் ராக்ஸ் பகுதியில், பழைய தொழிலாளர் வீடுகளின் வரிசையையே அருங்காட்சியகமாகக் காக்கும் சூசன்னா பிளேஸுக்குச் சென்று வந்தேன். சுவர்க் காகிதம் உரிந்து தொங்குகிறது. வண்ணப்பூச்சு பொரிந்து கிடக்கிறது. அதே அருங்காட்சியக அமைப்பு பராமரிக்கும் எலிசபெத் பே ஹவுஸ் என்ற மாளிகையோ மெருகு குலையாமல் நிற்கிறது. மாளிகைக்கு ஒரு நியாயம், தொழிலாளி வீட்டுக்கு வேறொரு நியாயமா? கட்டப்பட்ட 1844ஆம் ஆண்டின் நிலைக்கு அவ்வீடுகளைத் திருப்பியிருக்கலாமே? இவ்வளவு பாடுபட்டுக் காத்த பகுதியில் இன்று தொழிலாளர்கள் வசிக்கிறார்களா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர்
சிட்னி

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் கேள்வியிலுள்ள சினத்தை மதிக்கிறேன். ஆயினும் அச்சுவர்கள் கவனிப்பாரின்றி உரிந்து கிடக்கின்றன என்று கொள்வது சரியன்று. அவற்றை அந்த நிலையிலேயே நிறுத்திவைப்பது நன்கு ஆராய்ந்து எடுக்கப்பட்ட முடிவு. புதிதாக வண்ணம் பூசிவிடுவதைவிட அதைச் செய்வது கடினமும்கூட.

அயர்லாந்திலிருந்து 1838இல் வந்து குடியேறிய எட்வர்ட் ரைலியும் அவர் மனைவி மேரியும் 1844இல் குளோஸ்டர் தெருவில் இந்த நான்கு வீடுகளையும் ஒரே வரிசையாகக் கட்டினார்கள். அவர்களோடு வந்த உறவுப் பெண்ணான சூசன்னாவின் பெயரே வரிசைக்கு வாய்த்தது. பொதுச் சுவர்களால் ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள். தீ பரவுவதைத் தடுப்பதற்காக 1837இல் இயற்றப்பட்ட சட்டம் இத்தகைய பொதுச் சுவர்களுக்கு விதிகள் வகுத்திருந்த காலம் அது. ஒவ்வொரு வீட்டிலும் கீழே இரண்டு அறைகள், மேலே இரண்டு அறைகள், நிலவறையில் சமையலறை, பின்முற்றத்தில் கழிப்பறையும் துணி துவைக்கும் அறையும் இருந்தன. மூலை வீட்டின் முன்னறை மளிகைக் கடையாக இருந்தது. 1844 முதல் 1990 வரை நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இந்த நான்கு வீடுகளிலும் வாழ்ந்திருக்கின்றன; அவற்றுட் பல துறைமுகத்தை நம்பிப் பிழைத்தவை.

எலிசபெத் பே ஹவுஸும் ஏறத்தாழ இதே காலத்தது. பிரித்தானியக் காலனி ஆட்சியில் செயலராக இருந்த அலெக்சாண்டர் மெக்லே 1835இல் கட்டத் தொடங்கி, 1845இல் கடன் நெருக்கடியால் அதைவிட்டு வெளியேறினார். அவருடைய கடிதங்கள் இருக்கின்றன. எந்த அறையில் என்ன இருந்தது என்று சொல்லும் 1845ஆம் ஆண்டுப் பொருட்பட்டியல் இருக்கிறது. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாளிகையை அக்காலத் தோற்றத்துக்குக் கொண்டுவர முடிந்தது. குளோஸ்டர் தெருவில் வாடகைக்கு இருந்த படகோட்டியோ துறைமுகக் கூலியோ தம் வீட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் எழுதி வைத்தவர்கள் அல்லர். அவர்கள் மலிவு விலையில் வாங்கி ஒட்டிய காகிதமும், அதன் மேல் அடுத்த குடும்பம் ஒட்டிய காகிதமும், தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த லினோலியம் விரிப்புகளும், பூசிய வண்ணமுமே அவர்கள் விட்டுச்சென்ற எழுத்து. 1844க்குத் திரும்புவதென்றால் இந்த அடுக்குகள் அனைத்தையும் சுரண்டி எறிய வேண்டும். எஞ்சுவது முதலில் குடியிருந்தவர்களின் வீடு எப்படி இருந்திருக்கும் என்ற நம் ஊகம் மட்டுமே. பின்னால் வந்த ஒன்றரை நூற்றாண்டுக் குடித்தனக்காரர்களை அதற்காக அழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த அடுக்குகள் தப்பியதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. 1900இல் சிட்னியில் பிளேக் பரவி 103 பேர் இறந்தனர். அதைக் காரணமாகக் கொண்டு அரசு ராக்ஸ் பகுதி முழுவதையும் கையகப்படுத்தி, நூற்றுக்கணக்கான கட்டடங்களை இடித்தது. தப்பிய வீடுகளுக்கு அரசே வீட்டுக்காரர் ஆயிற்று. வாடகையை வாங்கிக்கொண்டதே தவிர, பெரிதாகச் செலவிட்டு உள்ளமைப்பை மாற்றியமைக்கவில்லை. வசதிகளைக் குடியிருந்தவர்களே கைக்கு எட்டிய அளவில் செய்துகொண்டார்கள். 1920களில் துறைமுகப் பாலத்துக்காக அக்கம்பக்கத்துத் தெருக்கள் மறைந்தன. 1970களில் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்காக எஞ்சியதையும் இடிக்கத் திட்டமிட்டபோது, குடியிருப்பாளர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், ஜாக் முண்டி செயலாளராக இருந்த கட்டுமானத் தொழிலாளர் சங்கம் அங்கே வேலை செய்ய மறுத்து ‘பசுமைத் தடை’ விதித்தது. இடிக்கும் கூலியை இழக்கவும் துணிந்த கட்டடத் தொழிலாளர்களால்தான் இந்தப் பகுதி நிற்கிறது என்பதை வழிகாட்டிப் பலகைகள் இன்னும் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும்.

கடையை மட்டும் 1915 வாக்கில் இருந்தது போல மறுபடி அமைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பொருள் அடுக்கிய அலமாரிகள் பார்ப்பவரை உடனே மகிழ்வித்துவிடுவதால், மேல்மாடி அறைகள் கோரும் பொறுமை குறைந்துவிடுகிறது என்று அஞ்சுகிறேன்.

தங்கள் கடைசிக் கேள்விக்கான விடை வருத்தமானது. 1970களின் மறுசீரமைப்பால் இடம்பெயர வேண்டியிருந்தவர்களுக்காகவே அருகிலுள்ள கம்பர்லாந்து தெருவில் சிரியஸ் என்ற அடுக்குமாடிப் பொதுக் குடியிருப்பு 79 வீடுகளுடன் கட்டப்பட்டு, 1980இல் நிறைவடைந்தது. 2014இல் மாநில அரசு, ராக்ஸிலும் அதை அடுத்த மில்லர்ஸ் பாயிண்டிலும் இருந்த 293 பொதுக் குடியிருப்புகளை விற்கப்போவதாக அறிவித்தது. சிரியஸும் அதில் அடங்கும். மரபுக் கட்டடமாகப் பட்டியலிட வேண்டும் என்று மாநில மரபுக் குழு பரிந்துரைத்தும் அரசு மறுத்துவிட்டது. 2019இல் சிரியஸ் விற்கப்பட்டது. ஆகவே வாடகைக் குடித்தனமாக அங்கே வாழும் தொழிலாளர் குடும்பங்கள் இன்று மிகக் குறைவு. மரபுப் பட்டியலில் இடம்பெற்றிருந்தாலும் கட்டடத்தைத்தான் அது காத்திருக்கும். குடியிருந்தவர்களின் வாடகை உரிமையைக் காத்திருக்காது. மரபுப் பாதுகாப்பைப் பற்றி எழுதுபவர்கள், நான் உட்பட, இதை இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

மறுமுறை செல்லும்போது, அருகே 1994இல் அகழ்ந்த ‘பிக் டிக்’ என்ற தொல்லியல் தளத்தையும் சேர்த்துப் பாருங்கள். பிளேக்குக்குப் பின் இடிக்கப்பட்ட வீடுகளின் அடித்தளங்கள், தூண்களின் மேல் உயர்த்திக் கட்டப்பட்ட இளைஞர் விடுதிக்குக் கீழே அப்படியே இருக்கின்றன. அங்கே கிடைத்த லட்சக்கணக்கான பொருட்களில் நல்ல பீங்கான் கோப்பைகளும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களும் இருந்தன. இடிப்பதற்கு முன் அதிகாரிகள் வெறும் சேரி என்று முத்திரை குத்திய வீடுகள் அவை.

அன்புடன்.