டி கோல் பிழைப்பார் என்று தெரிந்தும் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' திரைப்படம் ஏன் பதற்றம் தருகிறது? அதில் நாயகன் யார்?

அல்ஜீரியாவுக்கு விடுதலை அளித்ததற்காகப் பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்ல ஓ.ஏ.எஸ். என்ற தீவிர வலதுசாரி அமைப்பு முயன்றதும், 1962 ஆகஸ்ட் 22 அன்று பெத்தி-கிளாமாரில் அவரது கார் மீது குண்டுகள் பாய்ந்தும் அவர் தப்பியதும் வரலாறு. கூலிக் கொலையாளியின் கதை அதன்மேல் கட்டிய கற்பனை. டி கோல் 1970-இல் இயற்கையாகவே இறந்தார் என்பதால், 'கொல்வானா' என்ற கேள்வியை இயக்குநர் பிரெட் சின்னமன் (1973) பொருட்படுத்தாமல், 'எப்படி நெருங்குவான்' என்பதிலேயே நம்மைப் பிடித்து வைக்கிறார். போலிக் கடவுச்சீட்டு பெறுவது, தனித்தனிப் பாகங்களாகப் பிரிக்கக்கூடிய துப்பாக்கி செய்யச் சொல்வது, மரத்தில் தொங்கவிட்ட தர்ப்பூசணியைச் சுட்டுக் குறியைத் திருத்துவது என ஒவ்வொரு வேலையையும் பொறுமையாகக் காட்டுவதால், நம்மை அறியாமலே அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம்; கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் பார்வையில் நாயகன் துப்பறியும் அதிகாரி லெபெல்தான். மைக்கேல் லான்ஸ்டேல் நடித்த அந்த அடக்கமான மனிதர், ஆவணங்களையும் தொலைபேசியையும் கொண்டே வேட்டையாடுகிறார். எட்வர்ட் பாக்ஸின் கொலையாளி வசீகரமானவன். ஆனால் அவனுக்கு அரசியல் வெறுப்பு எதுவுமில்லை, கூலி மட்டுமே குறி. கோபமும் கொள்கையும் அவனை அமர்த்தியவர்களிடமே இருக்கின்றன.