எங்க உடைஞ்சதுன்னு பாருங்க (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

உங்க தளத்தை ரொம்ப நாளா படிச்சிட்டு வர்றேன். மீன்பிடி ராடு ரிப்பேர் பண்ணிட்டு இருந்த உங்க பெரியப்பா பத்தி ஒரு தடவை எழுதியிருந்தீங்க, அதைப் படிச்சதுல இருந்தே உங்களுக்கு எழுதணும்னு இருந்தேன். நான் ஆபீஸ் வேலைல இருக்கேன். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஃபிஷிங் ராடு செய்றேன், பிளாங்க் (ராடோட வெறும் தண்டு) வாங்கி கைடு (லைன், அதாவது தூண்டில் நூல், போற வளையம்) கட்டி, கிரிப் போட்டு, ரீல் சீட் (ரீலை மாட்டற இடம்) ஒட்டி எல்லாம் நானே. இதுவரைக்கும் ஒரு பத்து ராடு ஃப்ரெண்ட்ஸுக்கு செஞ்சு குடுத்திருக்கேன், யார்கிட்டயும் காசு வாங்கல. எல்லாரும் இதை பிசினஸா பண்ணுன்னு சொல்றாங்க, பேரும் லோகோவும் ரெடி. வேலையை விடலாமா? விலை எப்படி வைக்கிறது? பிளாங்க்ல ஸ்பைன் (சுத்துல கொஞ்சம் விறைப்பா இருக்கற பக்கம்) பாத்துதான் கைடு கட்டணும்னு சிலர் சொல்றாங்க, வேண்டாம்னு சிலர் சொல்றாங்க, எது சரி? நூல் கட்டு மேல பூசற எபாக்ஸி (ரெண்டு பாகம் கலக்கற பசை) சில சமயம் ரெண்டு நாள் ஆனாலும் பிசுபிசுங்குது, ஏன்? இன்னொண்ணு, உடைஞ்ச ராடெல்லாம் தூக்கிட்டு வந்து ரிப்பேர் பண்ணித் தரச் சொல்றாங்க. ரிப்பேர்காரன்னு பேர் விழுந்துட்டா கஸ்டம் பில்டர்னு யாரும் மதிக்க மாட்டாங்கன்னு திருப்பி அனுப்பிடறேன். நான் செய்றது சரிதானே? எட்டு போட்டோ இணைச்சிருக்கேன், பாத்து சொல்லுங்க.

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்கார்)

அன்புள்ள தம்பி,

உங்க கடைசி கேள்விலயே நான் நின்னுட்டேன். கொஞ்ச நாளா என் மனசுல ஓடிட்டு இருக்கறதும் அதுதான். புதுசா செய்றவன் ஒசத்தி, பழசை சரிபண்றவன் ஒரு படி கீழ, அப்படி ஒரு நெனப்பு எல்லா கைத்தொழில்லயும் வந்து உக்காந்திருக்கு, எங்க இருந்து வந்துச்சோ. நீங்க செய்றது சரியில்ல தம்பி. பாடம் சொல்லித்தர வீடு தேடி வந்த வாத்தியாரை வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டு இருக்கீங்க.

போட்டோ எட்டையும் பெருசு பண்ணிப் பாத்தேன். நூல் வேலை நல்லா இருக்கு, மனசாரச் சொல்றேன். அந்த நீலமும் வெள்ளையும் கலந்த டைமண்ட் கட்டுல ஒரு இழை விலகல, இந்தப் பொறுமை எல்லாக் கைக்கும் வராது. ஆனா எட்டுல ஒரு போட்டோலகூட ராடு வளைஞ்சு இல்லையே! எல்லாம் மேசை மேல நேரா படுத்திருக்கு. வளையறதுக்காகவே செய்ற ஒரு பொருளை செஞ்சுட்டு, அது எப்படி வளையுதுன்னு காட்டணும்னு உங்களுக்குத் தோணவே இல்ல. லோடு குடுத்துப் பாத்தேன்னு கடிதத்துல ஒரு வரிகூட இல்ல. ஒரு அடிக்கு ஒரு கைடு, கூட ஒண்ணு, அந்த பழைய கணக்கை வச்சு எங்கயோ இருந்து எடுத்த அட்டவணைல உள்ள தூரத்தை அப்படியே கட்டியிருக்கீங்கன்னு போட்டோ பாத்தாலே தெரியுது. அட்டவணை ஆரம்பிக்கறதுக்குத்தான். உங்க கைல இருக்கற பிளாங்க் அந்த அட்டவணையைப் படிச்சதில்ல.

கைடை நூல் கட்டறதுக்கு முன்னாடி சின்ன ரப்பர் வளையம் இல்லன்னா டேப் போட்டு தற்காலிகமா நிறுத்துங்க. ரீலை மாட்டி லைனை எல்லா கைடு வழியாவும் விட்டு நுனியில கொஞ்சமா எடை கட்டுங்க, கைப்பிடிய சாய்வா ஒரு இடத்துல கெட்டியா பிடிக்க வச்சு, எடையை மெதுவா கூட்டிட்டே பக்கவாட்டுல இருந்து பாருங்க. பிளாங்க் வளையற வளைவை லைன் ஒட்டியே போகணும். எங்கயாவது ரெண்டு கைடுக்கு நடுவுல லைன் வளைவை விட்டுட்டு குறுக்கால நேரா வெட்டிட்டுப் போச்சுன்னா அந்த ரெண்டும் தூரமா இருக்குன்னு அர்த்தம், நகத்துங்க, பத்தலன்னா ஒண்ணு சேருங்க. கைடு மேல் பக்கம் இருக்கற பெய்ட்காஸ்டிங் ராடா இருந்தா லைன் பிளாங்க்ல உரசுதான்னும் பாக்கணும். அதுக்காக நுனியில கைடை அள்ளிக் குவிக்கவும் கூடாது, நுனி கனத்துப் போனா வீசுனதுக்கு அப்புறம் ராடு ஆடிட்டே நிக்கும். நுனியை கையால பிடிச்சு வளைச்சுப் பாக்கற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், நல்ல பிளாங்க்கெல்லாம் அதுலதான் போகுது.

ஸ்பைன் சண்டைல நேரத்தை செலவழிக்காதீங்க. லோடு விழும்போது ராடு திருகறதுக்கு முக்கியமான காரணம் கைடு மேல் பக்கம் நிக்கறது, லைன் எப்பவும் கீழ் பக்கம் போகத்தான் பாக்கும். அதுக்குத்தான் கைடை மேல இருந்து மெல்ல சுத்திக் கீழ கொண்டு வந்து கட்டற ஸ்பைரல் முறை இருக்கு. பிளாங்க் எந்தப் பக்கம் நேரா நிக்குதோ அதைப் பாத்துக் கட்டுங்க, போதும். எபாக்ஸி பிசுபிசுன்னு நிக்கறது பெரும்பாலும் அளவுக் கோளாறு, இல்லன்னா கலக்கறதுல அவசரம். ரெண்டு பாகத்தையும் தனித்தனி சிரிஞ்சுல சம அளவா எடுங்க, கப்போட ஓரத்தையும் அடியையும் வழிச்சு வழிச்சு கலக்குங்க, சீக்கிரம் இறுகட்டும்னு ஹார்டனரைக் கூட ஊத்தாதீங்க. ஏற்கனவே பிசுபிசுங்கறது மேல சரியா கலந்த இன்னொரு கோட் போட்டா அனேகமா சரியாயிடும்.

இப்ப ரிப்பேருக்கு வர்றேன்.

பெரியப்பா கைல உடைஞ்ச ராடு ஒண்ணு வந்தா, எப்படி உடைஞ்சதுன்னு கேப்பார். எல்லாரும் பெரிய மீனுன்னுதான் சொல்லுவாங்க. அவர் மறுத்துப் பேசவே மாட்டார், தலையாட்டிக் கேட்டுக்குவார். அவங்க போனதுக்கு அப்புறம் அந்த முனையை ஜன்னல் பக்கம் கொண்டு போய் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு என்கிட்ட நீட்டி, "எங்க உடைஞ்சிருக்குன்னு பாரு, அப்புறம் யார் உடைச்சதுன்னு சொல்லு"ம்பார். நான் சின்னப் பொண்ணு, எனக்கு என்ன தெரியும், ஆனா பாத்துப் பாத்து கண்ணு பழகிருச்சு. நுனியில இருந்து மேல் மூணுல ஒரு பாகத்துல சிம்பு சிம்பா பிரிஞ்சு உடைஞ்சிருந்தா, மீன் காலடிக்கு வந்ததுக்கு அப்புறம் ராடை செங்குத்துக்கு மேல பின்னாடி சாய்ச்சுத் தூக்கியிருக்காங்க, அப்ப மொத்த பாரமும் மெல்லிசான நுனிக்குப் போயிடும். சும்மா வீசும்போது சத்தம் போட்டு, வெட்டுன மாதிரி உடைஞ்சிருந்தா அது என்னைக்கோ வண்டிக் கதவுலயோ கல்லுலயோ வாங்குன அடி, இல்ல ஈயக்குண்டு வந்து மோதுன அடி, உள்ளுக்குள்ள நார் நசுங்கி வெளிய தெரியாம இருந்திருக்கும். ரெண்டு துண்டு சேர்ற இடத்துல பெண் பக்கம் (மத்ததை உள்ள வாங்கிக்கற குழாய்) நீளவாக்குல பிளந்திருந்தா முழுசா சொருகாமயே வீசியிருக்காங்க.

ஆனா தம்பி, சில உடைப்பு செஞ்சவன் கையால வந்தது. கைடோட காலடி (பிளாங்க் மேல படிஞ்சு நூல் கட்டற பாகம்) முடியற அந்த ஓரத்துலயே சரியா உடைஞ்சிருக்கும். காலைத் தேய்ச்சு கத்தி முனை மாதிரி சாய்வாக்கி, அடியில பிசிறு எடுக்காம அப்படியே வச்சு இறுக்கி நூல் கட்டியிருப்பாங்க, வளையும்போதெல்லாம் அந்தப் பிசிறு பிளாங்க்கை அறுத்துட்டே இருந்திருக்கும். ரீல் சீட் சுத்த ஆரம்பிச்சிருந்தா, பிளாங்க்குக்கும் சீட்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளி முழுக்க காகித டேப்பை சுத்தி நிரப்பியிருப்பாங்க, பசை பிளாங்க்கைத் தொட்டே இருக்காது, தண்ணி உள்ள போனதும் டேப் ஊறி விட்டுரும். இதெல்லாம் புது ராடு செஞ்சு போட்டோ எடுத்து அனுப்பற ஆளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கோளாறு ஒரு வருஷம் கழிச்சு ரிப்பேர்காரன் மேசைலதான் வந்து படுக்கும். அந்த மேசையைத்தான் நீங்க வேண்டாங்கறீங்க.

ஒருத்தர் வந்தார். பார்க்கவே கண்ணைப் பறிக்கற ராடு, கைப்பிடிக்கு மேல ஒரு முழத்துக்கு நூல் வேலை, அதுல இறகு வேற பதிச்சிருந்தாங்க. அதே இடத்துல மூணாவது தடவையா உடைஞ்சிருக்கு. செஞ்சவர் ரெண்டு தடவை அந்தத் துண்டை மாத்திக் குடுத்திருக்கார், அதே தூரத்துல அதே மாதிரி கைடு கட்டி. பெரியப்பா புதுத் துண்டைப் போட்டு, எடை கட்டி, அவரையே பக்கவாட்டுல நிக்க வச்சுக் காட்டினார். அந்த இடத்துல ரெண்டு கைடும் ரொம்ப விலகி, வளைவு அங்க முறிஞ்ச மாதிரி நின்னுச்சு. அதுக்குக் கீழயும் தூரம் தப்பா இருந்ததால பழைய கைடெல்லாத்தையும் எடுக்க வேண்டியதாப் போச்சு, அந்த அலங்காரத்துல பாதியும் சேந்து போச்சு. லேசா சூடு காட்டி, பிளேடை கைடோட கால் மேல மட்டும் ஓட்டி (பிளாங்க் மேல பிளேடு படவே கூடாது) எபாக்ஸியை உரிச்சார். அந்த மனுசன் முகம் வாடிப்போச்சு. பெரியப்பா அவர்கிட்ட ரொம்ப மென்மையா பேசினார், செஞ்சவரைப் பத்தி ஒரு வார்த்தை குறைவா சொல்லல. எனக்கு மட்டும் அன்னைக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு கோவம், இன்னைக்கும் அடங்கல, உங்க போட்டோவைப் பாத்ததும் அதுதான் திரும்ப வந்திருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கங்க.

மூங்கில் ராடு மியூசியத்துக்குத்தான்னு ஒரு போட்டோவுக்குக் கீழ எழுதியிருக்கீங்க, அதையும் சொல்லிடறேன். எவரெட் காரிசன்னு அமெரிக்காவுல ஒருத்தர், தொழில்ல இன்ஜினியர், மூங்கிலை ஆறு பட்டையாப் பிளந்து ஒட்டி ராடு செஞ்சவர். ராடோட நீளத்துல 5 அங்குலத்துக்கு ஒரு இடம்னு எடுத்து, அந்தந்த இடத்துல எவ்வளவு அழுத்தம் விழுதுன்னு கணக்குப் போட்டு, அதுக்கு ஏத்த மாதிரி தடிமனைத் தீர்மானிச்சார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல. அந்த வேலைக்குப் பேர் போன டோங்கின் மூங்கில் தென்சீனாவுல விளையறது, 1950ல அமெரிக்கா சீனா வியாபாரத்தைத் தடை பண்ணதும் வரத்து நின்னுபோய் ஃபைபர்கிளாஸ் அந்த இடத்தைப் பிடிச்சுருச்சு, 1973ல ஃபென்விக் கம்பெனி கிராஃபைட் (கார்பன் நார்) ராடை விற்பனைக்குக் கொண்டு வந்தாங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமாக் கெடும். மூங்கில் பாரம் தாங்காம வளைஞ்ச வாக்குலயே நின்னுரும், கிளாஸ் எவ்வளவு முரட்டுக் கையையும் பொறுத்துக்கும், கிராஃபைட்ல மாடுலஸ் (நாரோட விறைப்பு) கூடக்கூட சுவர் மெல்லிசாகி எடை குறையும், ஆனா ஒரு சின்ன அடியை மறக்காது. எந்தப் பொருள் எப்படிச் சாகும்னு தெரியாம அதை யாருக்கு எதுக்குப் பரிந்துரை பண்ணுவீங்க?

அதனால வர்ற ரிப்பேரை எல்லாம் வாங்கிப் போடுங்க. உடைஞ்ச துண்டு எதையும் தூக்கிப் போடாதீங்க, விட்டம் எழுதி ஒட்டி ஒரு டப்பால நிறுத்தி வையுங்க. நடுவுல முறிஞ்ச ராடை ஒட்டணும்னா உள்ள ஒரு முளைக்குச்சியும் வெளிய ஒரு குழாயும் வேணும், அந்தக் குழாய் இந்த டப்பால இருந்துதான் கிடைக்கும், சரிவு ஒத்துப்போற துண்டா தேடிப் பிடிக்கணும். குழாயோட ரெண்டு ஓரத்தையும் நூல் கட்டி மூடுங்க, இல்லன்னா பிளக்கும். ஒட்டுன இடம் கொஞ்சம் விறைப்பாதான் இருக்கும், பழைய மாதிரி வளையாதுன்னு வேலைக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

விலையா, முதல்ல ஓசியா குடுக்கறதை நிறுத்துங்க. சும்மா கிடைச்ச பொருள்ல யாரும் உங்க மூஞ்சிக்கு நேரா குறை சொல்ல மாட்டாங்க, அந்த பத்து ராடுல இருந்து நீங்க கத்துக்கிட்டது என்ன? பத்தையும் திரும்ப வரவழைங்க. கைடு காலுக்குப் பக்கத்துல எபாக்ஸில கீறல் விழுந்திருக்கா, ரீல் சீட் அசையுதா, கைடு வளையத்துக்குள்ள பஞ்சை விட்டு இழுத்தா எங்கயாவது மாட்டுதா, எல்லாம் பாத்து எழுதி வையுங்க. விலை போடும்போது பொருள் செலவோட நூல் சுத்தற நேரம், எபாக்ஸி காயறவரைக்கும் பக்கத்துல இருக்கற நேரம் எல்லாம் சேரணும். அப்புறம் ஒரு விஷயம், இதுலதான் சின்ன பில்டர்கள் அடிபடறாங்க. பிளாங்க் கம்பெனி வாரண்டி குடுத்தாலும் பொதுவா அது பிளாங்க்குக்கு மட்டும்தான், உடைஞ்சா புது பிளாங்க் அனுப்புவாங்க, கைடைப் பிரிச்சு எடுத்து திரும்ப நூல் கட்டி எபாக்ஸி போடற கூலியை யாரும் தர மாட்டாங்க. அது யார் தலைல விழும்னு ஆர்டர் எடுக்கும்போதே எழுத்துல பேசிக்கங்க. வேலையை இப்ப விடாதீங்க. லோகோ எப்ப வேணாலும் வரைஞ்சுக்கலாம்.

டிப்டாப்பை (நுனி வளையத்தை) எபாக்ஸி போட்டு ஒட்டியிருக்கீங்கன்னு அஞ்சாவது போட்டோல தெரியுது. அதை மட்டும் மாத்துங்க, சூடு காட்டுனா இளகுற பசைல ஒட்டுங்க. ராடுல முதல்ல அடிபடறது அந்த நுனி வளையம்தான், என்னைக்காவது யாராவது ஒருத்தர் அதைக் கழட்ட வேண்டி வரும், எபாக்ஸி போட்டிருந்தா பிளாங்க் நுனியைக் கருக்காம கழட்டறது ரொம்ப கஷ்டம்.

அன்புடன்,
அக்கா