பசையைக் கீழே வையுங்கள்

கேள்வி: என்னிடம் பழைய படத் தபால் அட்டைகள் ஒரு கட்டு இருக்கின்றன. பெரிய அட்டையில் வரிசையாக ஒட்டிச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன். எல்லாமே போட்டோ அச்சுதானே? எந்தக் காலத்தவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒட்டியா? முதலில் பசையைக் கீழே வையுங்கள். வயதைச் சொல்வதே பின்பக்கம்தான். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் முகவரிக்கு மட்டும். சேதியைப் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதவேண்டும். நடுவே கோடு போட்டு இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி என்று 1902இல் பிரிட்டன் அனுமதித்தது; ஜெர்மனி 1905இல், அமெரிக்கா 1907இல். கோடில்லாத அமெரிக்க அட்டை பெரும்பாலும் 1907க்கு முந்தையது. இதைத்தான் மூடப் பார்க்கிறீர்கள்! மாட்டியே ஆகவேண்டுமென்றால் நான்கு மூலைகளையும் காகிதச் செருகிகளில் நிறுத்துங்கள், போதும்.

எல்லாமே போட்டோ அச்சும் இல்லை. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் ஹாஃப்டோன், அதாவது படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அடித்த அச்சு. புழு நெளிந்தாற்போல நுண்ணிய சுருக்கங்கள் தெரிந்தால் கொலோடைப் என்ற ஜெலட்டின் அச்சு. கண்ணாடித் தகட்டில் பூசிய ஜெலட்டின் உலரும்போது விழும் சுருக்கம் அது. நிறத்துக்கு ஒரு கல் வைத்து அடித்த லித்தோ என்ற கல்லச்சில் வண்ணப் புள்ளிகள் தாறுமாறாகக் கிடக்கும். முதல் உலகப் போர்வரை இந்த வேலையில் ஜெர்மன் அச்சகங்களின் கைதான் ஓங்கியிருந்தது.

பழைய வண்ண அட்டையைக் காட்டி, 'அன்றைக்கு வானம் எப்படி இருந்தது பாருங்கள்' என்று உருகுகிறவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை. எடுத்தது கறுப்பு வெள்ளைப் படம். நிறம் அச்சகத்தில் ஏற்றியது. 1930களில் சிகாகோவின் கர்ட் டைக் நிறுவனம் துணி நெசவு பதித்த காகிதத்தில் அடித்துத் தள்ளிய 'லினன்' அட்டைகளில் நிறத்தோடு நிற்கவில்லை. தந்திக் கம்பங்களையும் கம்பிகளையும் தூரிகையாலேயே அழித்துவிட்டார்கள். சரித்திரம் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

தெரு இருந்தபடியே வேண்டுமா? லென்ஸில் புள்ளியோ புழுச் சுருக்கமோ தெரியாத அட்டையைத் தேடுங்கள். அதுதான் அசல் போட்டோ. 1903இல் கோடக் 3ஏ கேமரா வந்தது. அதன் நெகட்டிவே தபால் அட்டை அளவு. அப்புறம் யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டையும் தெருவையும் எடுத்து நேரே அட்டையாக்கிக்கொண்டார்கள், சில சமயம் ஒரே ஒரு பிரதி மட்டும். உங்கள் கட்டுக்குள் அப்படி ஒன்று இருந்தால், அந்தப் படம் உலகத்தில் வேறெங்கும் இல்லாமல்கூட இருக்கலாம்.