168ஆம் இதழ்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்பைடர்மேனை 1962இலிருந்து விடாமல் படிக்க ஆசைப்பட்டு எக்ஸெலில் பட்டியல் போட்டேன். கதை திடீரென்று அவெஞ்சர்ஸுக்குள் போகிறது, அங்கிருந்து எக்ஸ்மென். பட்டியல் வளர்கிறதே தவிர ஒரு பக்கமும் படித்தபாடில்லை. சரியான வரிசை எது? இந்த வயதில் காமிக்ஸா என்று வீட்டில் கேலி வேறு.

க., தேவகோட்டை

அன்புள்ள க.,

கேலியை விடுங்கள். அவர்கள் சாயங்காலமானால் சீரியல் பார்க்கிறவர்கள்தானே?

பட்டியலைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை. ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெலுக்குப் போட்டியான டி.சி. கம்பெனிக்கே தன் கதைச் சிக்கல் தாங்கவில்லை. 1985இல் 12 இதழ்த் தொடர் ஒன்றைப் போட்டு, கதைகளில் தனித்தனி உலகங்களாக இருந்த பல பூமிகளையெல்லாம் அழித்து ஒன்றாக்கினார்கள். அதில் செத்த ஃப்ளாஷ் என்ற அதிவேக நாயகன் 2008இல் திரும்பி வந்தார். 2011இல் 52 தலைப்புகளை மறுபடி ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினார்கள். முதலாளியே பழைய பேரேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக்கணக்கு எழுதுகிறார்; நீங்கள் எதற்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிறீர்கள்?

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு முத்து காமிக்ஸ் கிடந்தது. அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. மிச்சத்தில் சீப்புச்சீடை எண்ணெய். இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து கை மட்டும் தெரியும். அந்தக் கை எப்படி வந்தது என்று கேட்டேன். மாவு மில் பெல்ட்டில் மாட்டிப் போய்விட்டது என்றான் அண்ணன், பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி. கேட்டுவிட்டு மில் பக்கமே போகாமல் இருந்தேன். பிற்பாடு நிஜக் காரணம் படித்தேன்: ஆய்வுக்கூட விபத்தாம். சப்பென்று இருந்தது.

நடுவில் நுழைகிறவனுக்குத்தான் இந்தக் கதைகளை எழுதினார்கள், தம்பி. அந்தக் காலத்து மார்வெல் இதழைப் பாருங்கள். சண்டைக்கு நடுவிலேயே நாயகன் தான் யார், தன் சக்தி என்ன என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வான். பழைய சங்கதி வந்தால் கட்டத்தின் ஓரத்தில் நட்சத்திரக் குறி போட்டு, அது எந்த இதழில் என்று ஆசிரியர் குறிப்பு இருக்கும். கடையில் கையில் கிடைத்ததை வாங்குகிற பையன் முழிக்கக் கூடாதே என்று செய்தது அது. பழைய இதழை விற்கிற தந்திரமும்தான், இல்லையென்று சொல்லவில்லை. எப்படியானாலும், முந்தையதைப் படித்துவிட்டு வா என்று அவர்கள் யாரையும் வாசலில் நிறுத்தவில்லை. நீங்களாகத்தான் நிற்கிறீர்கள்.

வரிசை கேட்டிருந்தீர்கள், இல்லையா? ஸ்பைடர்மேன் எங்கும் போய்விட மாட்டான். டேர்டெவில் என்று மார்வெலுக்குக் கண் தெரியாத நாயகன் ஒருவன் உண்டு; அவன் தொடரின் 168ஆம் இதழை எடுங்கள். 1981, ஃபிராங்க் மில்லர் எழுதத் தொடங்கிய இடம். அவனுடைய பழைய காதலி எலெக்ட்ரா முதலில் வருவதும் அதில்தான். 167ஐத் தேடிப் போனீர்கள் என்று தெரிந்தால் அடுத்த கடிதத்துக்குப் பதில் கிடையாது.