கூடாரத்தில் இரண்டு இரவுகள்: சிறு குழந்தைகளுடன் செல்லும் குடும்பத்துக்கு

கேள்வி: ஒன்பது வயது மகளையும் நான்கு வயது மகனையும் அழைத்துக்கொண்டு, ஊர்ப்புறத்தில் உள்ள அமைதியான முகாம் திடல் ஒன்றில் வார இறுதியில் இரண்டு இரவுகள் தங்க எண்ணியிருக்கிறோம். அங்கே கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் உண்டு, மின்சாரம் இல்லை, கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பதும் அரிது என்கிறார்கள். கூடாரத்தில் தங்குவது எங்களுக்கு இதுவே முதல்முறை. குளிர், மழை, பாம்பு ஆகிய மூன்றையும் நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. எதை முதலில் கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் குளிரையே முதலில் கவனியுங்கள். பகலில் ஏற்படும் குறை எதுவானாலும் வெளிச்சத்தில் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் நள்ளிரவில் குழந்தை நடுங்கியபடி விழித்துக்கொண்டால் அதன்பின் குடும்பத்தில் ஒருவருக்கும் உறக்கம் இராது, மறுநாளும் அதோடு கெடும். அதனால் ஆயத்தங்களை உறக்கத்திலிருந்தே தொடங்குவது நல்லது.

குளிர் என்றவுடன் பலரும் மேலே போர்த்திக்கொள்ளும் போர்வையைத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் தரை வழியாக இழக்கப்படும் வெப்பம் மிக அதிகம். ஸ்லீப்பிங் பேக், அதாவது உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் உறக்கப் பை, தன் இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கதகதப்பைத் தருகிறது. உடல் அழுத்தும் அடிப்பக்கத்தில் அந்தக் காற்று வெளியேறிவிடுவதால், அங்கே அது ஏறக்குறைய வெறும் துணியாகிவிடுகிறது. ஆகவே எவ்வளவு விலையுயர்ந்த பையானாலும் அடியில் நல்ல பாய் இல்லாவிட்டால் பயன் குறைவு. பாய்களின் வெப்பத் தடுப்புத் திறனை 'ஆர்' மதிப்பு என்று குறிப்பிடுவார்கள். எண் கூடக் கூடத் தடுப்பும் கூடும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பாய்களை விரித்தால் அவற்றின் மதிப்புகளையும் கூட்டிக்கொள்ளலாம். உள்ளே காற்று மட்டுமே நிரம்பிய சாதாரண மெத்தை மென்மையாக இருந்தாலும், அதனுள் காற்று சுழன்றுகொண்டே இருப்பதால் முதுகு குளிரும். அதையே எடுத்துச் செல்வதானால், மேலே ஒரு ஃபோம் பாயை விரித்துவிடுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதன்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வெப்பநிலைகள் அச்சிடப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அவற்றில் வசதியாக உறங்குவதற்கென்று தரப்பட்டுள்ள அளவை மட்டுமே கணக்கில் கொள்ளுங்கள். கடைசி எல்லையாகக் காட்டப்படும் எண், உயிரைக் காத்துக்கொள்வதற்கானதே தவிர உறங்குவதற்கானதன்று. இந்த அளவுகளும் பெரியவர்களின் உடலை வைத்துக் கணக்கிடப்பட்டவை. எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகளின் தோற்பரப்பு அதிகம். அதனால் அவர்கள் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். பெரியவர்களுக்கான பையில் சிறுவனைப் படுக்க வைத்தால் காலடியில் மிஞ்சும் வெற்றிடத்தையும் அவன் உடலே சூடாக்க வேண்டியிருக்கும். ஆகவே அந்தப் பகுதியை மடித்துக் கட்டிவிடுங்கள். பகல் முழுதும் ஓடியாடி வியர்வையில் நனைந்த பருத்தி உடையோடு யாரும் படுக்க வேண்டாம். படுக்கும்போது மட்டும் அணிவதற்கென்று உள்ளாடை, காலுறை, தொப்பி உட்பட ஓர் உலர்ந்த உடைத் தொகுதியை ஒவ்வொருவருக்கும் தனிப் பையில் கட்டி வையுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இதில் எந்த விலக்கும் கிடையாது. கூடாரத்துக்குள்ளோ அதன் முன்றிலிலோ எரிவாயு அடுப்பையோ கரி அடுப்பையோ ஒருபோதும் கொண்டுவராதீர்கள். அணைந்துவிட்டதாகத் தோன்றும் கரியும் நெடுநேரம் கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர்களை அது எழுப்பாது. குளிர் தாங்க முடியவில்லை என்றால் கூடுதல் உடை அணியுங்கள், அல்லது காரில் ஏறி வீடு திரும்புங்கள். கூடாரத்தைச் சூடாக்க முயல வேண்டாம்.

அடுத்தது இடத்தேர்வு. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஓடைக்கரையில் உள்ள அழகான சமதளத்தைவிட, அதற்குச் சில மீட்டர் மேலே உள்ள திட்டு வெப்பமாக இருக்கும். மழைநீரும் அங்கே தேங்காது. மேல்பகுதியில் பெய்யும் மழையால், நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு துளி விழாமலேயே ஓடையில் வெள்ளம் வரக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். பிறகு அண்ணாந்து பாருங்கள்: பட்டுப்போன கிளை தலைக்குமேல் தொங்கினால், நிழல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தரையில் லேசான சரிவு இருந்தால் தலைப்பக்கம் மேட்டில் இருக்கும்படி படுத்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் பொறுமையாகப் பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும் என்பதால், சூரியன் மறைவதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். முதன்முறையாகக் கூடாரம் அடிப்பவர்கள் இருட்டில் தொடங்குவது வீண் துன்பம்.

கூடாரத்தின்மேல் 'நால்வருக்கு' என்று எழுதியிருந்தால், மூட்டை முடிச்சு எதுவும் இல்லாமல் நால்வர் நெருக்கிப் படுக்கலாம் என்றே பொருள். உங்களுக்கு ஆறுபேர் அளவே வசதியாக இருக்கும். புறப்படுவதற்கு முன் ஏதேனும் ஒரு திறந்த வெளியில் அதை முழுமையாக விரித்து, கயிறுகளைக் கட்டி, மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒழுகும் தையலும் காணாமற்போன முளையும் அப்போதே தெரிந்துவிடும். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்குமாறு அடித்தால் கயிறு நழுவாது. அடியில் விரிக்கும் தார்ப்பாயின் ஓரம் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மேலிருந்து வழியும் மழைநீரை அதுவே பிடித்து உங்கள் படுக்கைக்குக் கீழே சேர்த்துவிடும். காலையில் உட்புறத்தில் ஈரம் படிந்திருந்தால் உடனே ஒழுகல் என்று எண்ண வேண்டாம். அது பெரும்பாலும் நால்வரின் மூச்சுக்காற்றில் இருந்த நீராவிதான். குளிருக்கு அஞ்சிக் காற்றுத் திறப்புகளை மூடிவிடுவதால்தான் இது மிகுதியாகிறது. அவற்றைத் திறந்தே வையுங்கள்.

பாம்பைப் பற்றி. அதற்கு மனிதரை நாடி வர வேண்டிய தேவையில்லை; நாம் அறியாமல் மிதிப்பதும் கைவைப்பதும்தான் ஆபத்து. கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள். காலணிகளைத் தட்டி உதறிய பின்னரே அணிய வேண்டும். விறகுக் குவியலுக்குள் கையை நுழைக்கக் கூடாது. இருட்டில் டார்ச் இல்லாமல் ஓரடியும் நடக்கக் கூடாது. இவற்றை மகளுக்கும் மகனுக்கும் முன்கூட்டியே சொல்லிப் பழக்குங்கள். ஒருவேளை கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் தீங்கையே செய்யும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிக்னல் கிடைக்காது என்பதால், அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லும் வழியைப் புறப்படும் முன்பே காகிதத்தில் எழுதிக்கொள்வது அவசியம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். இத்தகைய இடங்களில் சிறுவர்களைப் பொறுத்தவரை பாம்பைவிட எனக்குக் கவலை தருவது தீயும் தண்ணீரும்தான். எரிந்த விறகை மண்ணிட்டு மூடினால் அடியில் உள்ள கங்கு பல மணி நேரம் சூடாகவே இருக்கும். மறுநாள் காலை அதில் வெறுங்காலுடன் மிதித்துக் குழந்தைகள் புண்படுவதுண்டு. தண்ணீர் ஊற்றி, கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுசென்று சூடு இல்லை என்று உறுதிசெய்த பின்னரே படுக்கச் செல்லுங்கள். ஓடையோ குளமோ அருகில் இருந்தால், பெற்றோரில் ஒருவர் மகனைக் கைக்கெட்டும் தொலைவிலேயே வைத்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு எந்த நேரத்தில் யாருடையது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருவர் கழுத்திலும் ஒரு விசிலை மாட்டிவிட்டு, வழி தவறினால் நடக்காமல் நின்ற இடத்திலேயே நின்று ஊத வேண்டும் என்று பழக்குங்கள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கெடக்கூடிய பண்டங்கள் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருந்தால் உண்ண வேண்டாம். ஐஸ் பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள். உணவு எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.

கடைசியாக, மழை வரும் என்று முன்னறிவிப்பு இருந்தால் பயணத்தைக் கைவிடலாமா என்ற கேள்வி உங்களுக்கு எழக்கூடும். மிதமான மழைக்காகக் கைவிடத் தேவையில்லை. இடியும் பலத்த காற்றும் எதிர்பார்க்கப்பட்டால், அல்லது இரவு வெப்பநிலை உங்கள் ஸ்லீப்பிங் பேக்கின் வசதி அளவுக்குக் கீழே இறங்கும் என்றால், வேறொரு வாரத்துக்குத் தள்ளிவைப்பதே சரி. அங்கே சென்றபின் இடி கேட்டால், கூடாரமும் தனி மரமும் பாதுகாப்பு அல்ல என்பதால் நால்வரும் உலோகக் கூரையுள்ள காரில் ஏறிக் கண்ணாடிகளை மூடிக்கொள்ளுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பின்னரே இறங்குங்கள்.